மரபணுவும் மாவு மில்லும்



‘பரம்பரை நோய்களும் உணவும்’ என்று இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையார் எனக்குத் தலைப்புக் கொடுத்தார்கள். அதில் ஒரு நோயைக் கையில் எடுத்துக்கொண்டு பேசுகிறேன். மற்றவை வழியில் வரும். அந்த நோயின் பெயர் சீலியாக். தமிழில் சிலர் கோதுமை ஒவ்வாமை என்கிறார்கள். அது சரியல்ல. ஒவ்வாமை என்றால் பெரும்பாலும் கொஞ்ச நேரம் தடித்து, அரித்து அடங்கிவிடும். இது உடம்பின் காவல் அணுக்களே நம் குடலைத் தாக்கும் அழற்சி நோய். பெற்றோர் வழியாக வருகிற மரபணு இல்லாமல் வராது. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்கள் வயிற்றுக்குள் போகாமலும் வராது. இரண்டும் சேர வேண்டும்.

ஓசூர் வட்டாரத்தில் இருக்கும் இந்தக் கெலமங்கலத்தில் இதைப் பேசக் காரணம் உண்டு. 2016-ல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பல்லாண்டு பணியாற்றிய டாக்டர் பி.எஸ். ராமகிருஷ்ணாவும், டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் டாக்டர் கோவிந்த் மகாரியாவும் மற்றவர்களும் சேர்ந்து செய்தது. வடக்கு, வடகிழக்கு, தெற்கு என மூன்று பகுதிகளில் 23,331 பேரிடம் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சீலியாக் நோய்க்கான எதிர்ப்பொருள் வடக்கே நூற்றுக்கு 1.23 பேரிடம் இருந்தது. வடகிழக்கில் 0.87. தெற்கே 0.10. அப்படியானால் நம்மிடம் அந்த மரபணுவே இல்லை போலிருக்கிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். மரபணுவையும் பார்த்தார்கள். வடக்கே நூற்றுக்கு 38 பேரிடம், தெற்கே 36 பேரிடம் இருக்கிறது. வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். பிறகு தட்டைப் பார்த்தார்கள். வடக்கே ஒருவர் நாளொன்றுக்குச் சாப்பிடும் கோதுமை சராசரியாக 455 கிராம். தெற்கே 25 கிராம்.

இந்த மண்டபத்தில் நூறு பேர் இருந்தால் அவர்களில் முப்பது நாற்பது பேர் அந்த மரபணுவோடு உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களை அது ஒன்றும் செய்யவில்லை. மரபணு இருப்பவர்களிலும் மிகச் சிலருக்கே நோய் வரும் என்பது ஒரு காரணம். நம் பாட்டன் பூட்டன் தட்டில் கோதுமை இல்லாமல் இருந்தது இன்னொரு காரணம். தலைமுறை தலைமுறையாக உடம்பில் இருந்த ஒன்று, தட்டில் இருந்த கேழ்வரகுக் களியால் வெளியே தெரியாமலே இருந்திருக்கிறது. இப்போது தட்டு மாறிக்கொண்டிருக்கிறது.

குடலுக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிறுகுடலின் உட்சுவரில், டர்க்கி டவலில் நூல் எழுந்து நிற்பது போல, கோடிக்கணக்கான சின்னஞ்சிறு குடலுறிஞ்சிகள் நிற்கின்றன. சாப்பாட்டில் உள்ள சத்தை உடம்புக்குள் வாங்குபவை அவைதான். கோதுமையில் குளூட்டன் என்றொரு புரதம் இருக்கிறது. சப்பாத்தி மாவை இழுத்தால் அறுந்து போகாமல் நீள்வதும், பரோட்டாவை வீசினால் விரிவதும் அதனால்தான். இந்தப் புரதத்தை நம் குடலால் முழுவதும் செரிக்க முடியாது; சில துண்டுகள் உடையாமல் மிஞ்சிவிடும். மற்றவர்களுக்கு அவை பாட்டுக்கு வெளியேறிவிடும். குறிப்பிட்ட மரபணு உள்ள சிலருக்கு மட்டும் உடம்பின் காவல் அணுக்கள் அந்தத் துண்டைப் பகையாக எடுத்துக்கொண்டு சண்டைக்குக் கிளம்புகின்றன. அடி விழுவது குடலுக்கு. நிமிர்ந்து நின்ற உறிஞ்சிகள் மழுங்கித் தட்டையாகிவிடுகின்றன. எவ்வளவு சாப்பிட்டாலும் சத்து உள்ளே போகாது.

வயிற்றுப்போக்கு, உப்புசம், எடை குறைதல் ஆகியவை எல்லோருக்கும் தெரிகிற அறிகுறிகள். தெரியாதவை இன்னும் அதிகம். மாத்திரை போட்டும் ஏறாத ரத்தசோகை. வயதுக்குத் தகுந்த உயரம் வராத பிள்ளை. திரும்பத் திரும்ப வரும் வாய்ப்புண். நாற்பது வயதில் ஐம்பது அறுபதின் எலும்பு. நிற்காத கர்ப்பம். வயிற்றில் ஒரு தொந்தரவும் இல்லாமலே இவற்றில் ஒன்று மட்டும் வரலாம். அதனால்தான் ஆண்டுக்கணக்கில் கண்டுபிடிக்கப்படாமல் போகிறது.

இதன் வரலாறு மருத்துவர்கள் எல்லோரும் படிக்க வேண்டிய ஒன்று. லண்டனில் சாமுவேல் கீ என்கிற மருத்துவர் 1888-ல் இந்த நோயைப் பற்றி எழுதினார். சாப்பாட்டால்தான் இதைத் தீர்க்க முடியும் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. எந்தச் சாப்பாடு என்பது புரியவில்லை. டச்சு நாட்டுச் சிப்பிக்கறியைத் தினமும் கொடுத்ததில் ஒரு குழந்தை நன்றாகத் தேறியது. சிப்பிப் பருவம் முடிந்ததும் பழையபடி ஆகிவிட்டது என்று குறித்து வைத்தார். 1924-ல் நியூயார்க்கில் சிட்னி ஹாஸ் என்பவர் வாழைப்பழ வைத்தியம் கொண்டு வந்தார். ரொட்டி, மாவுப் பண்டங்களை நிறுத்திவிட்டு வாழைப்பழமாகக் கொடுத்தார். சாகக் கிடந்த பிள்ளைகள் பிழைத்தன. ஊரெல்லாம் வாழைப்பழத்தைக் கொண்டாடியது. பழம்தான் மருந்து என்று பெற்றோர்களும் நம்பினார்கள், அவரும் நம்பினார். அதனால், தேறிய பிள்ளைகள் குணமாகிவிட்டார்கள் என்று எண்ணி மறுபடி ரொட்டிக்குத் திரும்பினார்கள். நோய் உள்ளுக்குள் தொடர்ந்தது.

வில்லெம் டிக் என்ற டச்சுக் குழந்தை மருத்துவர்தான் முடிச்சை அவிழ்த்தார். தி ஹேக் நகரில் பணி. 1930களிலேயே அவருக்குக் கோதுமை மேல் சந்தேகம் இருந்தது. 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானியர் பிடியில் இருந்த ஹாலந்தில் கடும் பஞ்சம். ரொட்டி இல்லை; ஜனங்கள் டியூலிப் பூவின் கிழங்கைத் தின்றார்கள். ஊரே மெலிந்துகொண்டிருந்த நேரத்தில் சீலியாக் பிள்ளைகள் தேறினார்கள். ரொட்டி திரும்ப வந்ததும் அதே பிள்ளைகள் மீண்டும் விழுந்தார்கள். 1950-ல் தம் ஆய்வேட்டில் டிக் இதை நிறுவினார். வாழைப்பழமும் மருந்தல்ல, சிப்பியும் மருந்தல்ல. தட்டில் கோதுமை இல்லாததே மருந்து.

ஹாஸின் வாழைப்பழத்தை நான் விரித்துச் சொன்னதற்கு இந்த மேடைக்கே உரிய காரணம் உண்டு. இன்றைக்கு நம் பக்கம் கேழ்வரகு அந்த இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. ராகி சாப்பிட்டால் சர்க்கரை போகும், மூட்டு வலி போகும், கேன்சர் வராது என்று யார் யாரோ பேசுகிறார்கள். கேழ்வரகை நான் மனதார மதிக்கிறேன். அதனாலேயே அதன் மேல் பொய்ப் புகழ் ஏற்றுவது எனக்குப் பிடிக்கவில்லை. சீலியாக் நோயாளிக்குக் கேழ்வரகு செய்யும் நன்மை, அதில் குளூட்டன் இல்லை என்பது. அரிசி, சோளம், கம்பு, சாமை, தினை, மக்காச்சோளம் எதிலும்தான் இல்லை. கேழ்வரகு கூடுதலாகத் தருவது என்ன என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நம் நாட்டில் 1960களிலேயே இந்த நோய் அடையாளம் காணப்பட்டுவிட்டது. பி.என்.எஸ். வாலியா முதலான மருத்துவர்கள் 1966-ல் வட இந்தியக் குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். பஞ்சாப் பக்கம் ‘கோடைப் பேதி’ என்று ஒன்று சொல்வார்கள். குளிர்காலத்தில் மக்காச்சோள ரொட்டி, கோடையில் கோதுமை ரொட்டி என்று இருந்த வீடுகளில் கோடை வந்தால் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு. அவர்களில் பலருக்கு இருந்தது சீலியாக். டெல்லிப் பகுதியில் மகாரியா குழுவினர் 2011-ல் வெளியிட்ட கணக்குப்படி ஏறக்குறைய 96 பேரில் ஒருவருக்கு இந்த நோய் இருக்கிறது.

தெற்கே மருத்துவர்களாகிய நாங்கள் வேறு பாடம் படித்தோம். 1960களில் வேலூரைச் சுற்றியிருந்த கிராமங்களில் டிராபிகல் ஸ்ப்ரூ என்கிற நோய் கொள்ளைநோயாகவே பரவியது. சத்து உள்ளே போகாமல் ஆள் உருகிப் போகும் நோய். பேக்கர், மாத்தன் ஆகிய இருவரும் வேலூரிலிருந்து அதை ஆராய்ந்த விதத்தை உலகமே கவனித்தது. ஃபோலிக் அமிலமும் டெட்ராசைக்கிளினும் கொடுத்தால் அது தீரும். ஆகவே தமிழ்நாட்டு மருத்துவர் ஒருவர், மெலிந்து, வயிற்றுப்போக்கோடு வரும் நோயாளியைப் பார்த்தால் ஸ்ப்ரூ, இல்லாவிட்டால் குடல் காசநோய், இல்லாவிட்டால் பூச்சி என்றுதான் நினைப்பார். அந்தப் பழக்கம் அரிசியும் களியும் தின்ற ஊரில் பெரும்பாலும் சரியாகவே இருந்தது. இன்றைய ஓசூர் வட்டாரத்துக்கு அது போதாது.

நான் சொல்வது இந்தச் சாலையில் போகிற எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஓசூரில் சிப்காட் வந்து அரை நூற்றாண்டு ஆகிறது. அன்றைக்கு லாரியும் மோட்டார் சைக்கிளும் கைக்கடிகாரமும் செய்தோம். இன்றைக்கு நாகமங்கலம், உத்தனப்பள்ளி வரைக்கும் ஃபோன் பாகம் செய்கிற ஆலை வந்துவிட்டது. ஜார்க்கண்டிலிருந்து, ஒடிசாவிலிருந்து, உத்தரப் பிரதேசத்திலிருந்து, பீகாரிலிருந்து ஆயிரக்கணக்கில் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். நம் சந்துகளில் ஐம்பது கிலோ ஆட்டா மூட்டை இறங்குகிறது. நம் பிள்ளைகளும் மாறிவிட்டார்கள். சர்க்கரை நோய் என்றால் ராத்திரிக்குச் சப்பாத்தி. நைட் ஷிப்ட் முடிந்தால் பரோட்டா. காலையில் டீக்கு ரஸ்க், பிள்ளைக்கு டிபன் பாக்ஸில் நூடுல்ஸ், உப்புமாவுக்கு ரவை, விருந்துக்குச் சேமியாப் பாயசம். 25 கிராம் என்கிற அந்தப் பழைய சராசரி கெலமங்கலத்தில் இன்றும் நிற்கிறது என்று நான் நம்பவில்லை.

நான் பார்த்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் எதுவும் சொல்லமாட்டேன். வடக்கேயிருந்து கல்யாணம் ஆகி இங்கே வந்தவர். கணவர் ஆலைத் தொழிலாளி. ரத்தம் குறைவு, இரும்புச்சத்து மாத்திரை தின்று தின்று நாக்கு கறுத்துப் போயிருந்தது, ரத்தம் மட்டும் ஏறவில்லை. இரண்டு முறை ரத்தம் ஏற்றியிருந்தார்கள். இரண்டு கர்ப்பம் நிற்கவில்லை. வயிறு கொஞ்சம் உப்பும், அவ்வளவுதான். சீலியாக் சோதனை செய்தோம், இருந்தது. எண்டோஸ்கோப்பில் எடுத்த குடல் சதையிலும் அது உறுதியாயிற்று. ரொட்டியை நிறுத்த வேண்டும் என்றதும் கணவர் முகம் போன போக்கை மறக்க முடியாது. ரொட்டி இல்லாமல் எதைத் தின்பது என்று கேட்டார். பக்கத்து வீட்டு அம்மா ஒருவர், தெலுங்கு பேசுகிறவர், துணைக்கு வந்திருந்தார். இந்திக்குத் தமிழ் பெயர்க்க இன்னொருவர். அந்த அம்மாதான் சொன்னார்: “ராகி ரொட்டி தட்டிக் கொடுக்கிறேன் சார், நானே கத்துக் கொடுக்கிறேன்.”

கற்றுக்கொடுத்தார். முதல் மாதங்களில் பசி வந்தது, முகம் தெளிந்தது. பிறகு முன்னேற்றம் நின்றுவிட்டது. சோதனையில் எதிர்ப்பொருள் பாதி குறைந்து, அந்த அளவிலேயே நின்றது. கோதுமையைத் தொடவே இல்லை என்று அந்தப் பெண் அழுதார். நான் அவரை நம்பினேன். அடுத்த முறை, வீட்டில் இருக்கும் மாவு, மசாலா எல்லாவற்றையும் பையில் போட்டுக் கொண்டுவரச் சொன்னேன்.

கேழ்வரகு மாவு மில்லில் அரைத்தது. மாவு மில்லில் என்ன நடக்கும் என்று இங்கே இருக்கிற ஒவ்வொரு தாய்க்கும் தெரியும். முன்னால் நிற்பவர் கோதுமை அரைத்துக்கொண்டு போவார். அடுத்து நம் கேழ்வரகைக் கொட்டுவார்கள். கல்லிடுக்கிலும் மாவு வந்து விழும் துணிக் குழாயிலும் ஒட்டியிருக்கும் முந்தைய ஈட்டு மாவு நம் மாவோடு சேர்ந்தே வரும். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எடுத்துக்கொள்ள வேண்டிய அவசியமும் மற்றவர்களுக்கு இல்லை. சீலியாக் நோயாளிக்கு நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் குளூட்டன் தொடர்ந்து போனாலே மூன்று மாதத்தில் குடல் கெடத் தொடங்குகிறது என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். கோதுமை மாவில் கணக்கிட்டால் அரை கிராமுக்குக் கொஞ்சம் மேல். கிள்ளி எடுத்தால் விரல் நுனியில் நிற்கும் மாவு. ஒரு ஈட்டுக்கும் அடுத்த ஈட்டுக்கும் நடுவே அதைப் போல எத்தனையோ மடங்கு மில்லுக்குள் தங்கியிருக்கும்.

அந்தப் பெண்ணின் கணவர் மில்காரரிடம் போய்ப் பேசினார். அரைகுறைத் தமிழில் என்ன சொல்லி விளக்கினாரோ தெரியாது. மில்காரர் ஒன்று கேட்டாராம்: “மிளகாய் அரைச்ச மெஷின்ல அரிசி அரைக்கக் கூடாதுங்கிற மாதிரியா?” அதேதான் என்று இவர் தலையாட்டியிருக்கிறார். அதற்குப் பிறகு காலையில் மில் திறந்ததும், மெஷினைத் துடைத்து, ஒரு படி அரிசியை ஓட்டிவிட்டு, முதல் ஈடாக அந்த வீட்டுக் கேழ்வரகை அரைத்துக் கொடுத்தார். காசு கூடுதலாக வாங்கவில்லை.

பையில் இன்னொரு பொருளும் இருந்தது. பெருங்காய டப்பா. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பலவற்றில் பெருங்காயப் பிசினை விடக் கோதுமை மாவு அல்லது மைதா அதிகம். அரிசி மாவில் செய்வதும் இருக்கிறது. டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தால்தான் தெரியும். சாம்பார், ரசம், முறுக்கு, ஊறுகாய் என்று பெருங்காயம் போகாத இடம் தமிழன் வீட்டில் இல்லை. இதைப் போலவே ராகி சேமியா, ராகி பிஸ்கட் பலவற்றில் மைதாவும் கோதுமையும் கலந்திருக்கும். முன்பக்கம் கேழ்வரகுக் கதிர் படம் போட்டிருப்பதை நம்பிவிடாதீர்கள். மால்ட் பானங்களில் பார்லி உண்டு. சோயா சாஸில் கோதுமை உண்டு. இந்திய உணவுப் பாதுகாப்பு விதிப்படி குளூட்டன் இல்லாதது என்று அச்சிட வேண்டுமானால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. அந்தச் சொல் இல்லாத பொட்டலத்தில் பொருள் பட்டியலைக் கட்டாயம் படியுங்கள். கோவில் பிரசாதமாகக் கேசரி கொடுத்தாலும், திருப்பலியில் அப்பம் கொடுத்தாலும் சீலியாக் நோயாளிகளுக்கு அது நோய்தான். பூசாரியும் பாதிரியாரும் புரிந்துகொண்டு வேறு ஏற்பாடு செய்ய வேண்டும்.

பெருங்காயத்தை மாற்றினோம், மில் ஒழுங்காயிற்று. ரத்தத்தில் ஹீமோகுளோபின் பத்தைத் தாண்டியது. அதற்கு மேல் அந்தக் குடும்பத்தின் சொந்த விஷயத்தைப் பேச எனக்கு உரிமை இல்லை.

இங்கே ஒரு கண்டிப்பான வார்த்தை. இதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் யாரும் தாமாகக் கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் ரத்தத்தில் எதிர்ப்பொருள் தெரியும். நிறுத்திவிட்டு வந்தால் சோதனை பொய்யாக நல்லபடியாக வரும். நோய் உண்டா இல்லையா என்று கடைசிவரை தெரியாது. சந்தேகம் இருந்தால் முதலில் டிடிஜி என்கிற ரத்தச் சோதனை, அதில் இருந்தால் எண்டோஸ்கோப், அதற்குப் பிறகே உணவு மாற்றம். நோய் உறுதியான வீட்டில் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் எல்லோரும் ஒருமுறை சோதித்துக்கொள்ள வேண்டும். அவர்களில் பத்துப் பேருக்கு ஒருவர் வீதம் இருக்க வாய்ப்புண்டு. நோய் உறுதியானவர்கள் வாழ்நாள் முழுவதும் விலக்க வேண்டும். பண்டிகைக்கு ஒரு நாள், மாமியார் வீட்டில் ஒரு நாள் என்ற கணக்கெல்லாம் குடலுக்குத் தெரியாது.

கேழ்வரகு கூடுதலாக என்ன தருகிறது என்று சொல்வதாகச் சொன்னேன். சீலியாக் நோயாளிக்கு முதலில் போவது இரும்புச்சத்தும் கால்சியமும். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. தீட்டிய அரிசியில் பத்துக்கும் குறைவு. எலும்பு கரைந்தவருக்கு இது பெரிய வரம். இரும்பு விஷயத்தில் அவ்வளவு சொல்ல முடியாது. கேழ்வரகில் இரும்பு இருக்கிறது. அதன் தோலில் உள்ள ஃபைட்டேட், டானின் ஆகியவை அந்த இரும்பை உடம்புக்குள் போகவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. முளைகட்டி அரைத்தாலும், மாவைப் புளிக்க வைத்துக் கூழாகக் காய்ச்சினாலும் அந்தப் பிடி தளரும். நம் பாட்டிமார்கள் இரண்டையும் செய்தார்கள். கூடவே கீரை மசியலோ, எலுமிச்சை பிழிந்த வெங்காயமோ இருந்தால் இன்னும் நல்லது.

இந்த மேட்டு நிலத்தில் கேழ்வரகு எப்படி விளைகிறது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆடி, ஆவணி மழைக்கு விதைத்து, நடுவில் அவரையும் துவரையும் சால்விட்டு, கார்த்திகை மார்கழியில் அறுத்து, களத்தில் உருளை ஓட்டி எடுப்பீர்கள். கேழ்வரகு அறுத்த பிறகு பனிக்காலத்தில் அவரை காய்க்கும். அந்த மாதத்தில் இந்தத் தாலுகாவில் எந்த வீட்டுக்குப் போனாலும் களி உருண்டைக்குப் பிதுக்குப் பருப்புக் குழம்புதான். தமிழ் வீடு, தெலுங்கு வீடு, கன்னட வீடு என்ற வித்தியாசமே அந்தத் தட்டில் கிடையாது. களியில் கால்சியமும் மாவுச்சத்தும், அவரைக் கொட்டையில் புரதமும் என்று அந்தச் சாப்பாடு தானாகவே நிறைவாக அமைந்திருக்கிறது. சீலியாக் நோயாளிக்கு டெல்லியிலும் மும்பையிலும் குளூட்டன் இல்லாத மாவைப் பொட்டலத்தில் போட்டுக் கொள்ளை விலைக்கு விற்கிறார்கள். அதே மாவை நீங்கள் வயலில் விளைவிக்கிறீர்கள். 2024-25-ல் ஒன்றிய அரசு கேழ்வரகுக்கு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,290 ரூபாய். தக்காளிக்கும் ரோஜாவுக்கும் கிடைக்கிற ஏற்றம் அதில் இல்லை என்பது எனக்குத் தெரியும். தக்காளியைச் சாலையில் கொட்டிய நாட்களும் எனக்குத் தெரியும்.

இப்போது, ஷிப்ட் முடிந்த கையோடு சீருடை கூட மாற்றாமல் வந்து பின் வரிசையில் உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு. அழற்சி நோய், பரம்பரை, உணவு என்றால் உங்களில் சிலர் கேட்கப்போவது முதுகு வலியைப் பற்றித்தான். ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்று ஒன்று இருக்கிறது. எச்எல்ஏ-பி27 என்கிற மரபணுவோடு தொடர்புடையது என்பதை 1973-ல் கண்டுபிடித்தார்கள். மெஷின் முன்னால் நின்று வேலை செய்து வருகிற முதுகு வலிக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. சாதாரண வலி ஓய்வெடுத்தால் குறையும். இது ஓய்வெடுத்தால் ஏறும், நடமாடினால் குறையும். காலையில் எழுந்ததும் அரை மணி நேரத்துக்கு மேல் இடுப்பு மரத்துப் பிடித்துக்கொள்ளும். நடு இரவில் எழுப்பிவிடும். இருபது, இருபத்தைந்து வயதில் தொடங்கும்.

இதற்கும் உணவு வைத்தியம் ஒன்று சொல்கிறார்கள். லண்டனில் ஆலன் எப்ரிங்கர் என்ற பேராசிரியர், மாவுச்சத்தைக் குறைத்தால் குடலில் ஒரு வகைப் பாக்டீரியா குறையும், அதனால் வலி குறையும் என்று ஒரு கருத்தை முன்வைத்தார். சிலர் அதைக் கடைப்பிடித்துப் பலன் கண்டதாகச் சொல்கிறார்கள். அவர்கள் அனுபவத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் சீலியாக் நோயில் கோதுமைக்கு எதிராக இருக்கும் சான்றில் நூற்றில் ஒரு பங்கு கூட இதில் இல்லை. களியையும் சோற்றையும் விட்டுவிடு என்று ஒரு தொழிலாளியிடம் சொல்ல எனக்கு மனம் வராது. உடல் எடையைக் கட்டுக்குள் வைப்பதும், பீடி சிகரெட்டை விடுவதும், தினமும் முதுகை வளைத்துப் பயிற்சி செய்வதும் பலன் தரும். மருந்தை நிறுத்தக் கூடாது. வாதத்துக்குக் கிழங்கு ஆகாது, புளி ஆகாது என்று பத்தியம் மட்டும் பார்த்துக்கொண்டு மருந்தை விட்டவர்கள் முதுகு கூன் விழுந்து, திரும்பிப் பார்க்க முடியாமல் வந்திருக்கிறார்கள். அந்தக் கூனை நிமிர்த்த என்னிடம் வழியில்லை.

உணவை விட மருந்தே முக்கியம் என்பதற்கு இன்னோர் உதாரணம், துருக்கி, ஆர்மீனியா பக்கம் மரபு வழியில் வரும் மத்தியதரைக்கடல் காய்ச்சல் என்ற நோய். அடிக்கடி காய்ச்சலும் தாங்க முடியாத வயிற்று வலியும் வரும். அங்கும் எண்ணெய்ப் பண்டம் தின்றால் வலி வருகிறது, உப்பு தின்றால் வருகிறது என்று நோயாளிகள் கணக்கு வைத்திருக்கிறார்கள். அந்த நோயை அடக்குவது கொல்சிசின் என்ற மருந்து. 1972 முதல் கொடுக்கிறார்கள். அந்தக் கொல்சிசின் நம் மாநில மலரான செங்காந்தளிலும் இருக்கிறது. மூலனூர், தாராபுரம் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று அதற்காகவே பயிர் செய்து விதையை ஏற்றுமதி செய்கிறார்கள். கிழங்கைத் தின்றால் உயிர் போகும் என்பதையும் இதே மூச்சில் சொல்லிவிட வேண்டும்.

ஆக, பரம்பரை அழற்சி நோய் ஒவ்வொன்றிலும் உணவுக்கு ஒரே இடம் இல்லை. சீலியாக்கில் உணவே முழு மருந்து. வேறு மாத்திரை இன்றுவரை கிடையாது. முதுகெலும்பு நோயில் உணவு துணைக்கு நிற்கும், அவ்வளவுதான். இந்த எல்லை தெரியாமல் பேசினால், வாழைப்பழத்தை நம்பிய பெற்றோர்களின் கதை திரும்பவும் நடக்கும்.

அறக்கட்டளையார் என்னிடம் செயலுக்குரியதாக ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டார்கள். கேட்டதால் சொல்கிறேன்.

கெலமங்கலத்திலும் தேன்கனிக்கோட்டையிலும் ராயக்கோட்டையிலும் மாவு மில் வைத்திருப்பவர்கள் மிளகாய்க்குத் தனி மெஷின் வைத்திருக்கிறீர்கள். ஊருக்கு ஒரு மில்லிலாவது கேழ்வரகு, அரிசி, கம்புக்கு மட்டும் ஒரு மெஷின் ஒதுக்குங்கள். கோதுமை அதில் ஏறவே கூடாது. தனி மெஷின் முடியாவிட்டால் வாரத்தில் ஒரு நாள் காலை நேரத்தை ஒதுக்கி, மெஷினைச் சுத்தம் செய்து, பலகையில் எழுதிப் போடுங்கள். மகளிர் குழுக்கள் ராகி மாவு, ராகி லட்டு செய்து விற்கிறீர்கள். அந்த மெஷினில் அரைத்த மாவில் செய்து, பரிசோதனைக் கூடத்தில் அளந்து, குளூட்டன் இல்லாதது என்று அச்சிட்டால் பெங்களூரில் அதற்கு வாங்க ஆள் இருக்கிறார்கள். நாற்பது கல் தொலைவுதான்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணியாற்றும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மூன்று மாதம் இரும்புச்சத்து மாத்திரை ஒழுங்காகத் தின்றும் ரத்தம் ஏறாத பெண், உயரம் வராத பிள்ளை, காரணம் தெரியாத வயிற்றுப்போக்கு என்று யார் வந்தாலும், வீட்டில் தினமும் ரொட்டியா என்று ஒரு கேள்வி கேளுங்கள். ஆமாம் என்றால் டிடிஜி சோதனைக்கு எழுதிக் கொடுங்கள். இந்தி தெரியவில்லை என்றால் ‘ரொட்டி’ என்ற சொல் போதும்.

அரசுக்கு ஒன்று. 2023-ல் நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷன் கடையில் அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். நல்ல காரியம். சீலியாக் என்று மருத்துவச் சான்று வைத்திருக்கும் குடும்பத்துக்கு, எந்த மாநிலத்து அட்டையாக இருந்தாலும், கோதுமைக்குப் பதில் முழு அளவையும் கேழ்வரகாகவோ அரிசியாகவோ கொடுக்க ஓர் உத்தரவு போதும். ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை என்ற ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. அந்த உத்தரவைக் கேட்டு இந்த மன்றம் தீர்மானம் போட்டால், கையெழுத்துப் போட நான் முதல் ஆளாக வருகிறேன். தீர்மான நகலை மாவட்ட ஆட்சியரிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுக்கவும் வருகிறேன்.